பி சைடு கேட்க வந்தவர்களுக்கும், கேட்க வைத்தவர்களுக்கும்

அன்புடையீர்,

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை, பேர்பெற்ற இசையமைப்பாளர்களின் பேர்பெறாத ஆல்பங்களை மட்டும் போட்டுக் கேட்டோம். நாற்காலி போதாமல் ஊடை நூல் மூட்டைகளின் மேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கலைந்த அவசரத்தில் பலரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி தறிக்கூடத்து மாமாவுக்கு. கூலிக்குத் தறி ஓட்டுகிறவருக்கு ஒரு மாலை முழுக்கத் தறி நிற்பது என்றால் என்ன என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "பாட்டுத்தானே மாப்பிள்ளை, போட்டுக் கேளுங்கள்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பஞ்சுத் தூசியைக் கூட்டிப் பெருக்கவும் ஆள் விட்டார்.

திருப்பூரில் ரெக்கார்டிங் சென்டர் நடத்திய அண்ணன் இல்லையென்றால் போடுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. மூன்று அட்டைப்பெட்டி கேசட்டுகளையும், வாடிக்கையாளர்கள் கேட்ட பாட்டுகளை எழுதி வைத்த பழைய நோட்டையும் கொடுத்தார். அந்த நோட்டைப் புரட்டினால் அவருடைய சாமர்த்தியம் புரியும். ஏ பக்கத்தில் வாடிக்கையாளர் கேட்ட படம். பி பக்கத்தில் மிஞ்சிய இடத்துக்கு அண்ணனே தேர்ந்தெடுத்த படம். 'காதலன்' கேட்டு வந்த பனியன் கம்பெனித் தம்பிகளுக்கு அவர் பின்பக்கம் பதிந்து கொடுத்தது 'பவித்ரா'. இரண்டும் 1994-இல் வந்தவை, இரண்டும் ஏ.ஆர்.ரஹ்மான். பாடகர் உன்னிகிருஷ்ணனுக்கு அந்த ஆண்டின் தேசிய விருது 'காதலன்' படத்து 'என்னவளே' ஒன்றுக்காகக் கிடைத்ததல்ல, 'பவித்ரா'வின் 'உயிரும் நீயே'வுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. பாடலாசிரியராக வைரமுத்து பெற்ற விருதிலும் 'கருத்தம்மா'வோடு 'பவித்ரா'வுக்குப் பங்கு உண்டு. இருந்தும் ரஹ்மானின் நல்ல ஆல்பங்களைச் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் வாயில் 'பவித்ரா' வருகிறது? அண்ணன் கலெக்டரான வீட்டில் தம்பி எவ்வளவு படித்தாலும் கலெக்டர் தம்பிதான். 1993-இல் 'ஜென்டில்மேன்' போட்ட போட்டில் 'உழவன்', 'புதிய முகம்' இரண்டும் இப்படித்தான் அமுங்கின. சரக்கு மட்டம் என்று யாரும் ஒதுக்கவில்லை. திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆவாரம்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் தம்பிக்குத் தனி நன்றி. பரணில் கிடந்த டேப் டெக்கைத் திறந்தபோது உள்ளே பெல்ட் உருகித் தாராகச் சக்கரங்களில் ஒட்டியிருந்தது. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அத்தனையையும் வழித்தெடுத்து, புது பெல்ட் மாட்டினார். பாட்டு ஓடியது, ஆனால் மங்கலாக. டேப்பைத் தொட்டுப் பாட்டைப் படிக்கும் ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை, பாட்டை ஓடவிட்டுக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஓரிடத்தில் வயலின்கள் பளிச்சென்று தெளிந்தன. "இதற்கு மேல் தொடாதீர்கள்" என்று திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டுக் கூலி வாங்காமல் போய்விட்டார்.

அந்தத் தெளிவு இல்லாவிட்டால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' எடுபட்டிருக்காது. 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' வந்த அதே 1986-இல், தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் சமர்ப்பணமாக, பாட்டு வரியே இல்லாமல் அவர் செய்த ஆல்பம் அது. வயலின் டீச்சர் செய்த காரியம்தான் அன்றைய மாலையின் உச்சம் என்பேன். பாக் எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்ற வயலின் இசைத்தொகுப்பின் தொடக்கத்தைத் தனி வயலினில் முதலில் வாசித்துக் காட்டினார். பிறகு கேசட். வி.எஸ்.நரசிம்மனின் வயலினில் அதே சுரங்கள் ஓட, சுற்றிலும் ராஜா சேர்த்த தந்தி வாத்தியங்கள் வந்து பேச்சுக் கொடுக்கின்றன. எது பாக், எது ராஜாவின் ஊரான பண்ணைப்புரம் என்று மூட்டைமேல் இருந்தவர்களுக்கும் பிரித்துக் கேட்க முடிந்தது. டீச்சருக்கு என் வணக்கம். 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்ன மின்வெட்டுக்கு மட்டும் நன்றி கிடையாது.

சிங்காநல்லூரிலிருந்து வந்த பெரியவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸ் படம் எடுத்த காலத்தில், எம்.எஸ்.விஸ்வநாதன் அங்கே எடுபிடிப் பையனாக இருந்து எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் தொழில் படித்த கதையை அவர் சொல்ல, பின்னாலேயே எம்.எஸ்.வி.யின் பக்தி ஆல்பமான 'கிருஷ்ண கானம்' போட்டோம். 'புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே' தொடங்கியதும் பெண்கள் பக்கம் முழுக்க முணுமுணுப்பு. கோயில் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம். "இது எம்.எஸ்.வி.யா!" என்று ஒரு அம்மணி வியந்ததைப் பெரியவர் வெகுவாக ரசித்தார். கண்ணதாசன் பேரும் டி.எம்.எஸ். குரலும் தெரிந்த அளவுக்கு மெட்டுக்காரர் தெரியவில்லை. சினிமாப் பட்டியலில் இல்லாத ஆல்பத்துக்கு இதுவும் ஒரு கதி.

"ரோஜா போடுங்கள்" என்று கடைசிவரை குரல் கொடுத்த நண்பர்களுக்கும் நன்றி. போடவில்லை; அதே ரஹ்மானின் 'திருடா திருடா'வைப் போட்டோம். வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு ஷாகுல் ஹமீதும் கோரஸ் குரல்களுமாக 'ராசாத்தி என் உசுரு' ஓடியபோது குரல் கொடுத்தவர்கள்தான் ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.

அண்டா நிறைய அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிய சின்னம்மாக்களுக்கும், கடைசி பஸ்ஸை விட்டவர்களை பைக்கில் இறக்கிவிட்ட பையன்களுக்கும் நன்றி. யாரோ மறந்துபோன மூக்குக்கண்ணாடி ஒன்றும் எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றும் மாமாவிடம் இருக்கின்றன. ரெக்கார்டிங் அண்ணனின் பெட்டியில் 'உழவன்' கேசட்டைக் காணோம். எடுத்துப் போனவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிறார் அண்ணன்.