தண்ணீர் ஊற்றக் கூடாத தீ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் தீப்பெட்டித் தொழில் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண்களின் கூலி பற்றிய பகுதியைப் படித்தாலே, எழுதியவர் நேரில் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் பக்கத்தில் போட்டிருந்த பெட்டிச் செய்தியில் இரண்டு தவறுகள். ஒன்று சின்னது. இன்னொன்று ஆளைக் கொல்லக் கூடியது.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். குச்சி முனையில் பாஸ்பரஸ் சல்பைடு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நாம் கடையில் வாங்கும் பாதுகாப்புத் தீப்பெட்டியில் முனை மருந்து என்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை வகையறாதான். பாஸ்பரஸ் இருப்பது பெட்டி ஓரத்துப் பழுப்புப் பட்டையில். அதுவும் சிவப்பு பாஸ்பரஸ். பட்டை நமுத்துப்போனால் பெட்டி நிறையக் குச்சி இருந்தும் அடுப்புப் பற்றாதது அதனால்தான். சுவரில் உரசினாலும் பற்றுகிற குச்சி வேறு வகை. அதன் முனையில் இருப்பதுதான் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற பாஸ்பரஸ் சல்பைடு வகை. முன்பெல்லாம் அந்த இடத்தில் வெள்ளை பாஸ்பரஸ் போட்டார்கள்; அதன் புகை பட்டதால் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1898-ல் செவென், காஹென் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் செஸ்குவிசல்பைடைக் கொண்டுவந்த பிறகுதான் மாற்று கிடைத்தது. இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் 1913-ல் வந்தது. சரி, இது வரலாறு.

பெரிய தவறு கடைசி வரியில் இருக்கிறது. "பாஸ்பரஸ் சல்பைடு தீப்பிடித்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்." கூடவே கூடாது! இந்தக் குடும்பத்தில் பாஸ்பரஸ் பென்டாசல்பைடு என்று ஒன்று உண்டு. மஞ்சளும் சாம்பலும் கலந்த பொடி. உருகிய கந்தகத்தோடு வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்துச் செய்கிறார்கள். உரசலிலேயே பற்றிக்கொள்ளும், ஈரக்காற்று பட்டாலே சிதையத் தொடங்கும். தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் பாஸ்பாரிக் அமிலம், மறுபக்கம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ பொடி முழுவதும் தண்ணீரோடு வினைபுரிந்தால் முக்கால் கிலோவுக்கு மேல் அந்த வாயு வெளியே வரும்.

அந்த வாயுவை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோல் பதனிடும் டேனரியில் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு போட்ட தண்ணீரோடு அமிலத் தண்ணீர் கலந்தால் கிளம்புகிற அதே அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கும், தானும் தீப்பிடிக்கும். அதைவிட மோசம், காற்றில் அதன் அளவு 100 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் நூறு பங்கை)த் தாண்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை.

நமக்கென்ன என்று விட முடியாத அளவுக்கு இந்தப் பென்டாசல்பைடுக்கு உபயோகம் இருக்கிறது. எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கிற துத்தநாகக் கூட்டுப்பொருள் இதிலிருந்துதான் தயாராகிறது. விவசாயிகள் ரோகர் என்று கேட்டு வாங்கும் பூச்சிமருந்து டைமெத்தோயேட்டுக்கும், கொசு மருந்தாக அடிக்கிற மாலத்தியானுக்கும் மூலப்பொருள் இதுவே. இப்போது திடநிலை பேட்டரி ஆராய்ச்சியிலும் அடிபடுகிறது.

வாலாஜா முதல் வாணியம்பாடி வரை சென்னை – பெங்களூரு சாலையில் ராத்திரி பகல் பாராமல் ரசாயன லாரிகள் போகின்றன. பென்டாசல்பைடு ஏற்றிய வண்டி என்றால் அதில் 1340 என்ற ஐ.நா. அடையாள எண்ணும், சுடர் படம் போட்ட நீல நிறச் சாய்சதுரமும் இருக்க வேண்டும். செஸ்குவிசல்பைடுக்கு அடுத்த எண், 1341; ஆனால் அதற்குச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட அட்டை. நீலம் என்றால் தண்ணீர் ஆகாது என்று அர்த்தம். லாரி கவிழ்ந்தால் முதலில் ஓடி வருவது தீயணைப்பு வண்டி இல்லை, பக்கத்து டீக்கடைக்காரர். கையில் தண்ணீர்க் குடத்தோடுதான் வருவார். அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: குடத்தைக் கீழே வை, காற்று வருகிற பக்கமாக விலகிப் போ, பள்ளத்தில் இறங்காதே, 112-க்குப் போன் செய்து அட்டையில் உள்ள எண்ணைச் சொல். சின்னத் தீயானால் உலர்ந்த மணலோ உலர்பொடி அணைப்பானோ போதும். அதையும் பழகியவர்கள்தான் செய்ய வேண்டும்.

ஆகவே திருத்தத்தை உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போட்டு முடித்துவிடாதீர்கள். அந்த நீல அட்டையின் படத்தையும் சேர்த்து, வண்ணப் பக்கத்திலேயே போடுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சானால் நீலம் எது, சிவப்பு எது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காட்பாடி