ஆயிரம் பேருக்கு நான்கு அடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கதை சொல்பவரின் சார்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை இக்கால நாவல்களோடு நின்றுவிட்டது. குமுளியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அதைப் படித்ததும் சிலப்பதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோயிலுக்கு ஜீப் ஏற வரும் கூட்டத்தில் யாராவது ஒருவர் என் பட்டறை வாசலில் நின்று, "எல்லாம் உங்க ஆளு பண்ண வேலைதானே ஆசாரி" என்று சொல்லாமல் போவதில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கோவலன்மேல் பழியைப் போட்டான் என்றுதான் காப்பியம் சொல்கிறது.

சொன்னவர் யார்? மலைக்குறவர் கண்டதையும் மதுரையில் நடந்ததாகச் சாத்தனார் சொன்னதையும் கேட்டுப் பாடியவர், சேரன் செங்குட்டுவனின் தம்பியாக அறியப்படும் இளங்கோவடிகள். அரச குடும்பத்தவருக்கு அரசனின் துயரம் பெரிதாகத் தெரிகிறது. விசாரிக்காமல் கொல்லச் சொன்ன பாண்டியன், தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விடுகிறான். வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்திவிட்டது என்று செங்குட்டுவனே பாராட்டுகிறான். போதாததற்கு மதுராபதித் தெய்வமும் வந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்த முற்பிறப்பு வினை கோவலனுக்கு என்கிறது.

தொழிலாளியாக ஒன்று சொல்ல வேண்டும். சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாறினால் ஓசை மாறும். எஸ்டேட்டிலிருந்து பழைய கொலுசைப் பழுதுபார்க்கக் கொண்டுவரும் பெண்கள், உள்ளே வேறு பரல் போட்டால் காலில் மாட்டி இரண்டடி நடந்ததுமே, "இது என் கொலுசு சத்தம் இல்லண்ணே" என்று கழற்றித் தந்துவிடுவார்கள். பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவி சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். கோவலனை வெட்டும் முன் அவன் கையிலிருந்த சிலம்பைத் தேவியிடம் கொண்டுபோய் ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும். அவள் ஊடலைத் தணிக்கப் போய்க்கொண்டிருந்த அரசனுக்கு அதற்குப் பொழுதில்லை. பட்டறையில் உட்கார்ந்து கதை சொல்பவன் இந்த இடத்தை விட்டிருக்க மாட்டான்.

பொற்கொல்லனுக்குப் பெயர்கூட இல்லை. போகட்டும், அவன் குற்றவாளி. அதன் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கொற்கையில் இருந்த பாண்டிய மரபினன் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் கண்ணகிக்குப் பலி கொடுத்தான் என்று மாடலன் என்ற மறையவன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். பாட்டில் நான்கே அடி. செங்குட்டுவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஆயிரம் வீட்டுப் பெண்களில் ஒருத்தியும் தலைவிரி கோலமாக அரண்மனை வாயிலுக்கு வரவில்லை. காப்பியத்தின் முன்னால் வரும் உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதியோ, அந்தக் களவேள்விக்குப் பின் நாட்டில் மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின என்கிறது.

இளங்கோவடிகளைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. அந்த நான்கு அடியை மறைக்காமல் வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். சித்ரா பௌர்ணமி வந்தால் பத்திரிகைகள் எல்லாம் கண்ணகி கோயில் தமிழ்நாட்டுத் தேனிக்கா, கேரளத்து இடுக்கிக்கா என்றே எழுதுகின்றன. அடுத்த முறை தாங்களாவது, கொற்கைப் பொற்கொல்லர் வீட்டுப் பெண் ஒருத்தி சொல்வதாக இந்தக் கதையை யாரையேனும் எழுதச் சொல்லி வெளியிட வேண்டும். எழுதுபவர் பட்டறையில் வளர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு நகைத் தொழிலாளி,
குமுளி.