உன் செருப்பு

அன்புள்ள தாயி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு வர்றேன்னு சொல்லிட்டு ஏன்ப்பா வரல?" இத்தனை வருசம் கழித்தும் உனக்கு அது ஆறவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பேச்சில் வராது, அதனால் எழுதுகிறேன்.

2020 மார்ச் 24, உனக்கு பிளஸ் டூ கடைசிப் பரீட்சை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே நம் மாநிலத்தில் 144 வந்துவிட்டது. ராத்திரி பிரதமர் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். நான் கப்பலூர் டோல்கேட்டில் ரோந்து வண்டியில் இருந்தேன். மறுநாள் காலையில், தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு நம் மதுரையில்தான் என்ற செய்தி வந்தது. அப்பத்தாவுக்குச் சர்க்கரையும் இளைப்பும். ரோட்டில் பத்து ஊர்க்காரர்களோடு பழகிவிட்டு நான் எப்படி வீட்டுக்குள் நுழைவேன்? உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன்.

டோல் வசூல் நின்றுபோனது. ஏப்ரல் 20ஆம் தேதிதான் மறுபடி தொடங்கினார்கள். வசூல் இல்லையே தவிர வேலை குறையவில்லை. அரிசி, வெங்காயம், மருந்து ஏற்றிய லாரிகள் போகத்தானே வேண்டும்? ஆனால் ரோட்டோரத்தில் ஓட்டல் இல்லை, டீக்கடை இல்லை, பஞ்சர் கடையும் இல்லை. நாசிக்கிலிருந்து திருநெல்வேலிக்கு வெங்காயம் கொண்டுவந்த ஒரு லாரி டயர் வெடித்து நின்றது. டிரைவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. கிளீனர் பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். வயிற்றைத் தொட்டுக் காட்டினான். எங்களுக்கு வந்த தக்காளி சாதத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, திருமங்கலத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரரை வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். அவர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஊரில் எல்லோரும் பயந்து கதவைச் சாத்தியிருந்த நேரம் அது, தாயி.

அப்புறம் நடந்து வந்தவர்கள். அதைத்தான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், கட்டட வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று, மூட்டையோடு விருதுநகர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கமாம். டோல்கேட் நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தோம். பதினாறு வயது மதிக்கத்தக்க பொண்ணு காலை மடக்கி மறைத்துக்கொண்டது. கேட்டதற்குப் பதில் இல்லை. அதன் அம்மாதான் பாவாடையை விலக்கிக் காட்டியது. செருப்பு வார் அறுந்து, துணியைச் சுற்றிக்கட்டி நடந்திருக்கிறது. பாதம் கொப்பளித்துப் போயிருந்தது.

முதலுதவிப் பெட்டியில் மருந்து இருந்தது, போட்டேன். ஆனால் செருப்பு? வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி இருந்தது. பரீட்சை முடிந்ததும் உனக்குத் தரலாம் என்று 23ஆம் தேதி டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது. நீ ஆசைப்பட்ட பழுப்பு நிறம். பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பெரிதுதான், பின்வாரை இறுக்கிவிட்டேன். காய்கறி இறக்கிவிட்டுத் தெற்கே திரும்பிய ஒரு வேன்காரரிடம் சொல்லி ஏற்றியும் விட்டோம்.

உன்னிடம் கடை பூட்டியிருந்தது என்று பொய் சொன்னேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கொடுத்ததற்காக இல்லை, மறைத்ததற்காக.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல். டவுன்ஹால் ரோட்டில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா