குரூப்ப விட்டு ஏன் போனேன்னு கேட்டியே

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். நாலரை நிமிஷம். அதுல பாதி புனே மழை, மீதி நான் ஏன் ஸ்கூல் குரூப்ப விட்டு சொல்லாம கொள்ளாம போனேன்னு திட்டு. நானும் வாய்ஸ்லயே பதில் சொல்லலாம், ஆனா வீட்ல காதுல விழுந்தா "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா"ன்னு அது தனி பஞ்சாயத்து, அதான் டைப் பண்றேன். நீளமா போகும், நீதான் ரிட்டயர் ஆயிட்டியே, டீ குடிச்சுக்கிட்டே படி.

நடந்தது இவ்ளோதான். யாரோ பழைய பாப்கார்ன் மீம் ஒண்ண போட்டாங்க. ஞாபகம் இருக்கா, 2024 டிசம்பர்ல ஜெய்சால்மர்ல ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, உப்பு போட்ட பாப்கார்ன் லூஸ்ல வித்தா 5 சதவீதம், அதையே லேபிள் ஒட்டி பாக்கெட்ல அடைச்சா 12, கேரமல் ஊத்துனா 18ன்னு விளக்கம் குடுத்தாங்களே, அது. நான் இருபத்தஞ்சு வருஷமா கணக்கு எழுதற பய, வாய சும்மா வெச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். சக்கரை பூசினா அது மிட்டாய் கணக்குல போயிரும்டா, உப்பு போட்டா மிக்சர் காராசேவு கணக்கு, புது வரி எல்லாம் போடல, இருக்கற அட்டவணைல எந்த வரிசைன்னுதான் சொல்றாங்க, ஆனா ஒரே சோளத்துக்கு மூணு வரிங்கறது கேவலம்தான்னு எழுதினேன். பத்து நிமிஷத்துல ஒருத்தன் முதல் பாதிய படிச்சுட்டு என்னைய சங்கிங்கறான், இன்னொருத்தன் கடைசி பாதிய படிச்சுட்டு தேசவிரோதிங்கறான். ஒரே மெசேஜுக்குடா! நம்ம ரெண்டாவது பெஞ்சுக்காரனுங்க யாருமே பரீட்சைலயும் கேள்விய முழுசா படிச்சதில்ல, இதுல என்ன ஆச்சரியம். நான் வெளிய வந்துட்டேன்.

கோவத்துல வரல, சலிப்புல வந்தேன். எனக்கு என்ன தோணுதுன்னா, இந்த ஜிஎஸ்டி விஷயத்துல மீம் போடறவன் எதையுமே கற்பனை பண்ண வேண்டியதில்ல, உள்ளத உள்ளபடி எழுதுனாலே காமெடி ஆயிருது. பரோட்டாவ எடுத்துக்கோ. 2020ல கர்நாடகால வரி விளக்கம் சொல்ற ஆணையம், சப்பாத்தி ரொட்டி அப்படியே சாப்பிடற பண்டம் அதுக்கு 5, பாக்கெட்ல வர்ற பரோட்டாவ கல்லுல போட்டு சூடு பண்ணனும் அதனால 18ன்னு சொல்லுச்சு. சூடு பண்ணறதுக்கு 13 சதவீதம். 'பரோட்டா மேல கை வைக்காதே'ன்னு ஊரே சிரிச்சுது. ஆனா சிரிச்சு முடிச்சப்புறம் கேரளால ஒரு கம்பெனி ஹைகோர்ட் வரைக்கும் போயி 2024ல தான் 5ன்னு தீர்ப்பு வாங்குச்சு. தேங்கா எண்ணெய் கதை இன்னும் மோசம், சின்ன பாட்டில்ல வர்றது தாளிக்கவா தலைக்கான்னு பதினஞ்சு வருஷத்துக்கு மேல கேஸ் நடந்து (அது ஜிஎஸ்டிக்கு முன்னாடி எக்சைஸ் காலத்துல ஆரம்பிச்சது), சுப்ரீம் கோர்ட்ல மூணு நீதிபதிங்க உக்காந்து, தலைக்கு தேய்க்கறதுன்னு பாட்டில்ல எழுதி விக்காத வரைக்கும் சாப்பாட்டு எண்ணெய்தான்னு சொன்னாங்க. அது 2024 டிசம்பர் 18. பாப்கார்ன் மீட்டிங் 21. ஒரே வாரம் பாரு, எங்க ஆத்தா இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிருக்கும், "அட பாத்திரத்துல ஊத்துனா சமையலுக்கு, உள்ளங்கைல ஊத்துனா தலைக்கு"ன்னு.

அப்புறம் அரிசி. இது உனக்கு தெரியாது, புனேல நீ கோதுமைக்கு மாறிட்ட. 2022 ஜூலை 18ல இருந்து 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டுன அரிசிக்கு 5 சதவீதம். மறுவாரமே நம்ம ஊரு கடைல 26 கிலோ மூட்டை வந்துருச்சு. நாடாளுமன்றத்துல எத்தனை மணி நேரம் விவாதம் பண்ணாலும் இத்தன சுருக்கமா ஒரு பதில் சொல்ல முடியுமா? ஒத்த கிலோ அரிசிதான் விமர்சனம். அதுக்கு முன்னாடி பதிவு பண்ணுன பிராண்டுக்கு மட்டும் வரின்னு இருந்தப்ப, எங்க பிராண்டே வேண்டாம்னு எழுதிக் குடுத்தவங்களும் உண்டு. ஆனா மூட்டையா வாங்க காசு இல்லாதவன், அஞ்சு கிலோ பத்து கிலோன்னு பாக்கெட் வாங்கறவன், அவன்தான் வரி கட்டறான். இது மட்டும் எந்த மீம்லயும் வராது, ஏன்னா இதுல சிரிப்பு வரல.

இப்ப க்ரீம் பன்னுக்கு வர்றேன். 2024 செப்டம்பர் கோயம்புத்தூர் கொடிசியா கூட்டம், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னாடி அன்னபூர்ணா ஹோட்டல்காரர் சீனிவாசன் எந்திரிச்சு நம்ம கொங்கு பாஷைல பன்னுக்கு வரி இல்ல, க்ரீம் வெச்சா 18, கஸ்டமரு "பன்னையும் க்ரீமையும் தனித்தனியா குடுங்க, நானே வெச்சுக்கறேன்"ங்கறாருன்னு பேசினாரே, அந்த வீடியோவ நீதான் எனக்கு முதல்ல அனுப்புன, சிரிப்பு பொம்மை ஏழு போட்டு. அரங்கமே சிரிச்சுது. நான் வருஷக்கணக்கா இலாகாவுக்கு எழுதுன விளக்கக் கடிதம் எல்லாத்தையும் ஒண்ணா கட்டினாலும் அந்த ரெண்டு நிமிஷ பேச்சுக்கு ஈடாகாது மாப்ள. கிண்டலும் இல்ல, திட்டும் இல்ல, கல்லாப்பெட்டில உக்காந்து தினமும் பாக்கறத சொன்னாரு, அவ்வளவுதான். அடுத்த நாள் அமைச்சர தனியா பாத்து அவர் மன்னிப்பு கேக்கற வீடியோ வெளிய வந்துச்சு, அண்ணாமலையே கட்சி சார்பா அந்த வீடியோ வெளியானதுக்கு வருத்தம் சொல்ற அளவுக்கு ஆயிருச்சு. அதுவும் மீம் ஆச்சு, ராகுல் காந்தி பேசினாரு, எல்லாரும் பேசினாங்க, நாலு நாள்ல அடங்கிருச்சு.

எனக்கு அடங்கல, ஏன்னு சொல்றேன். அதுக்கு ஒரு மாசம் கழிச்சு என்கிட்ட கணக்கு பாக்கற பேக்கரிக்காரர் ஒருத்தர்கிட்ட, சங்கத்துல இருந்து பன்னு ரொட்டி கேக் வரி குழப்பத்த பத்தி ஒரு மனு எழுதிருக்கோம், கையெழுத்து போடுங்கன்னு நீட்டுனேன். அவரு பேனாவ கைல வாங்கிட்டு, திரும்ப என் பாக்கெட்லயே சொருகிட்டு, "அவரு எத்தன பெரிய ஆளுங்க, அவருக்கே அப்படின்னா நமக்கு எதுக்குங்க, நீங்க சொல்ற வரிய நான் கட்டிர்றனுங்க"ன்னாரு. முன்னெல்லாம் என்னைய பாத்தாலே "என்னங்க உங்க கப்பர் சிங் என்ன சொல்றாரு"ன்னு கேப்பாரு. ராகுல் 2017ல ஜிஎஸ்டிக்கு 'கப்பர் சிங் டாக்ஸ்'னு ஷோலே படத்து கொள்ளைக்காரன் பேர வெச்சாரே அது, மோடி 'நல்ல எளிமையான வரி'ன்னு சொன்னதுக்கு எதிர்ப்பாட்டு. இப்ப பேக்கரிக்காரரு அதையும் விட்டுட்டாரு. போனா "வாங்க, டீ சாப்பிடுங்க", அதோட சரி.

இதுல எதிர்க்கட்சிக்காரங்கள சும்மா விட்டா நான் கணக்குப்பிள்ளையே இல்ல. கவுன்சில்ல மத்திய அரசுக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூணுல ரெண்டு பங்கு, ஒரு முடிவு எடுக்க ஓட்டுல முக்கா வாசி வேணும். எல்லா கட்சி ஆட்சியோட நிதியமைச்சருங்களும் அங்க உக்காந்திருக்காங்க. 2017ல இருந்து ஓட்டெடுப்புன்னு பெருசா பேசப்பட்டது 2019 டிசம்பர்ல ஒண்ணுதான், அதுவும் எதுக்கு, லாட்டரிக்கு! மத்ததெல்லாம் ஓட்டெடுப்பு இல்லாமலே முடிவாச்சு. உள்ள தலையாட்டிட்டு வெளிய வந்து மீம் ஷேர் பண்றவங்கள என்னத்த சொல்ல. அதே மாதிரி 2017 தீபாவளிக்கு வந்த விஜய் படத்துல சிங்கப்பூர்ல 7 சதவீதம் வாங்கி இலவச வைத்தியம் குடுக்கறான்னு வசனம் வந்துச்சே, அது தப்பு, அங்க வைத்தியம் இலவசம் கிடையாது. வசனத்த வெட்டுன்னு பாஜககாரங்க குதிச்சதாலதான் பாக்காதவனும் போயி பாத்தான். தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டு போகவேண்டியது, சினிமா என்ன பட்ஜெட் அறிக்கையா.

சரி, 2025 செப்டம்பர் 22ல இருந்து 12ம் 28ம் அநேகமா போயிருச்சு, பெரும்பாலும் 5, 18, சிலதுக்கு 40. பரோட்டாவுக்கு வரியே இல்லன்னு ஆயிருச்சு. கேக்கு பிஸ்கட் எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துருச்சு. நாமளா எடுக்கற லைஃப், ஹெல்த் இன்சூரன்சுக்கும் வரி இல்ல, அத மத்திய அமைச்சர் கட்கரியே 2024ல லெட்டர் போட்டு கேட்டாரு. குறைச்சது நல்லதுதான், மனசார சொல்றேன், என் பிரீமியமும் குறைஞ்சுது. ஆனா அத சேமிப்புத் திருவிழான்னு கொண்டாடறப்ப, எட்டு வருஷம் இத கேட்டவங்கள எல்லாம் என்ன பேரு சொல்லி கூப்பிட்டீங்கன்னு ஒரு கேள்வி தொண்டைலயே நிக்குது. பேக்கரிக்காரருகிட்ட போயி சந்தோஷமான்னு கேட்டேன். பில் மெஷின்ல ரேட்ட மாத்திக் குடுங்கன்னாரு. மாத்திக் குடுத்தேன். வேற ஒண்ணும் பேசல.

குரூப்ல திரும்ப சேத்து விடறேங்கற. அட்மின் இப்ப "அரசியல் வேண்டாம், குட்மார்னிங் மட்டும்"னு ரூல் போட்டிருக்கானாமே. அரிசி மூட்டை அரசியலா குட்மார்னிங்கான்னு மட்டும் அவன்கிட்ட கேட்டு சொல்லு, அப்புறம் பாக்கலாம்.

பாப்பா கல்யாணத்துக்கு ஈரோட்லயே மண்டபம் பாத்தது சந்தோஷம். மண்டப வாடகைக்கு 18 போடுவான், சமையல்காரரு 5 போடுவாரு, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு கொட்டேஷனையும் எனக்கு அனுப்பு, வெறும் துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தா வாங்காத. காலைல பந்தில பன் அல்வா போடறாங்களான்னும் கேட்டுரு, அதுக்கு என்ன வரின்னு என்னைய மட்டும் கேக்காத.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
மாப்ள