கொழுப்பு உறிஞ்சும் அறுவைச் சிகிச்சை: அன்றிரவு நோயாளி எங்கே இருக்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் நமது நெல்லைப் பகுதியில் சாலையோரத் தட்டிகளிலும், காலை நாளிதழுக்குள் மடித்து வைத்து வரும் துண்டறிக்கைகளிலும், கைபேசித் திரையிலும் தொப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சை பற்றிய விளம்பரங்கள் பெருகுகின்றன. ‘காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம்’ என்ற வாசகம் அவற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. அறுவைச் சிகிச்சை அரங்கிலும் அதையடுத்த கண்காணிப்பு வார்டிலும் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்த ஒரு வாசகத்தைப் பற்றித் தங்கள் வாசகர்களிடம் பேச விரும்புகிறேன்.

தோலுக்கடியில் குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும், லைபோசக்ஷன் எனப்படும் இந்தச் சிகிச்சைக்கு நான் எதிரானவள் அல்லள். உணவைக் குறைத்தும் நடந்தும் கரையாத இடத்துக் கொழுப்பால் மனம் நொந்திருப்பவரையும், மார்பு பெருத்துச் சட்டையைக் கழற்றக் கூசும் இளைஞரையும் ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. 1970-களில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் இதைத் தொடங்கினர். பின்னர் பிரான்ஸின் மருத்துவர் இல்லூஸ் நுனி மழுங்கிய குழாயைக் கொண்டுவந்ததாலும், 1987-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் மரப்பு மருந்தையும், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் உப்புநீரில் மிகவும் நீர்க்கக் கலந்து தோலுக்கடியில் செலுத்தும் முறையை வெளியிட்டதாலும், ரத்த இழப்பு பெருமளவு குறைந்து இது பாதுகாப்பான சிகிச்சையாக வளர்ந்தது. உரிய ஆளைத் தேர்ந்து, உரிய இடத்தில், உரிய அளவில் செய்தால் பெரும்பாலோர் நலமாகவே வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் இதன் ஆபத்துகளில் பெரும்பகுதி அறுவை மேசையில் நேர்வதில்லை. அதன் பிறகே வருகிறது. முதலில் மரப்பு மருந்தையே எடுத்துக்கொள்வோம். லிக்னோகெய்ன் என்ற அந்த மருந்தை அட்ரினலினுடன் சாதாரணமாக ஊசியில் போடும்போது உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 7 மில்லிகிராம் என்பதே வழக்கமான உச்ச அளவு. கிளைன் முறையில் அது மெதுவாக ரத்தத்தில் கலப்பதால் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை செலுத்தலாம் என்று அவர் காட்டினார். பின்னாளில் 55 வரையும் சிலர் ஏற்றனர். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 35 என்ற கணக்கில் 2,100 மில்லிகிராம் எல்லையாகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கலந்த நீரை வயிறு, தொடை, கை என ஒரே நாளில் ஆறு லிட்டர் செலுத்தினால் 3,000 ஆகிவிடும். செலவு மிச்சம் என்று எல்லா இடத்தையும் ஒரே தடவையில் முடித்துவிடக் கேட்பவர்களும், அதற்கு இசைபவர்களும் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், இந்த மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது செலுத்திய 10 முதல் 14 மணி நேரத்துக்குப் பிறகு. காலை 10 மணிக்குச் செலுத்தினால் இரவு 8 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் உச்சம் வரும். உதடும் நாக்கும் மரத்துப்போதல், காதில் இரைச்சல், உளறல், பின்னர் வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு என்று அளவு மீறியதன் அறிகுறிகள் தோன்றினால், மாலையிலேயே அனுப்பப்பட்ட நோயாளியின் அருகில் அதைக் கண்டறிய யார் இருப்பார்?

மற்ற ஆபத்துகளும் இதே காலக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. செலுத்திய நீரில் உறிஞ்சப்படாமல் தங்கியது அடுத்த பல மணி நேரம் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருப்பதால், இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்கலாம். உடைந்த கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் புகுந்து நுரையீரலையும் மூளையையும் அடைக்கும் நிலை பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் மூச்சுத்திணறலாகவும் மனக்குழப்பமாகவும் வெளிப்படும். குழாய் தெரியாமல் குடலைத் துளைத்திருந்தால் வயிற்றுவலி குறைவதற்குப் பதிலாக மறுநாள் கூடும். குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், வயிற்றில் முன்பே அறுவைத் தழும்பு உள்ளவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம். தொற்று ஏற்பட்டுத் தசை மேலுறை அழுகத் தொடங்கினால், மணிக்கணக்கில் தாமதம் கூட உயிரைக் குடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் அஞ்சுவது கால் ரத்தக்குழாயில் உறையும் ரத்தக்கட்டியை. 1994 முதல் 1998 வரை அமெரிக்க நிபுணர்கள் செய்த ஏறத்தாழ 4,96,000 சிகிச்சைகளைக் கணக்கெடுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு 95 மரணங்களைப் பதிவு செய்தது. அதாவது சற்றேறக்குறைய ஐயாயிரத்துக்கு ஒருவர். அம்மரணங்களின் தலையாய காரணம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியதே. விதிமுறைகள் இறுகிய பின் வந்த கணக்குகள் இதைவிடக் குறைந்த மரணங்களையே காட்டின என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால், வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கும் சிகிச்சையையும் உடன் சேர்த்துச் செய்தவர்களிடம் மரண விகிதம் பல மடங்கு உயர்ந்தே இருந்தது.

இங்கேதான் நமது ஊரின் தூரம் ஒரு தனி ஆபத்தாகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் பலர், தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் இதைச் செய்துகொள்கிறார்கள். எங்கள் தெருவில் திருமணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண், தொலைவான நகரத்தின் சிகிச்சைக்கூடம் ஒன்றில் வயிற்றுக்கும் தொடைக்கும் செய்துகொண்டு, மறுநாள் இரவே பேருந்தில் ஏறி விடிய விடிய காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தாள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்ததை, ‘வீக்கம் இருக்கத்தான் செய்யும்’ என்று முன்பே சொல்லப்பட்டதால் வீட்டில் பொருட்படுத்தவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே என்னை அழைத்தார்கள். “ராத்திரி பஸ்ல வராதீயன்னு ஒருத்தரும் சொல்லலையே அக்கா, காலைல போனா சாயங்காலம் வந்துரலாம்னுதான சொன்னாவ” என்று அவளுடைய தாய் அழுதார். ஸ்கேனில் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருப்பது தெரிந்து, உறைவைத் தடுக்கும் ஊசிகள் போட்டு அவள் பிழைத்தாள், திருமணம் தள்ளிப்போனது. விசாரித்தபோது, மாதவிலக்கைத் தள்ளிப்போட அவள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதுவும் கருத்தடை மாத்திரையும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. அதைச் சிகிச்சைக்கு முன் எவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

பெங்களூரில் 2022 மே மாதம் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் 21 வயதில் கொழுப்பு நீக்க அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தபோது, அங்கே போதிய தீவிர சிகிச்சை வசதி இல்லை என்று பெற்றோர் குற்றம் சாட்டினர். சில நாள் பேசப்பட்டு அச்செய்தி மறக்கப்பட்டது.

சர்க்கரை நோய்க்கு இது நிவாரணம் என்ற எண்ணமும் நம்மிடையே பரவியிருப்பதால் அதைப் பற்றி ஒன்று. இக்குழாய் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டுமே எடுக்கும்; குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும், உண்மையில் தீங்கு செய்யும் கொழுப்பை அது தொடாது. பருமனான பெண்களிடமிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை நீக்கிப் பல வாரங்கள் கழித்துச் சோதித்த 2004-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், இன்சுலின் செயல்பாடோ ரத்த அழுத்தமோ கொலஸ்ட்ராலோ மேம்படவில்லை. எடை குறைப்பதற்கென்று இதை நாடுவது பணத்தையும் உடலையும் வீணாக்குவதாகும். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை வேறு, இது வேறு.

ஆகவே இதைச் செய்துகொள்ள முடிவெடுப்பவர்கள், செய்பவர் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற உரிய தகுதி பெற்றவரா, மயக்க மருத்துவர் முழு நேரமும் உடனிருப்பாரா என்று கேட்பதோடு, அன்றிரவு என்னை யார் பார்த்துக்கொள்வார், அவசரம் என்றால் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். கொழுப்பும் நீருமாக மொத்தம் ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பதானால் இரவு மருத்துவமனையிலேயே தங்கவைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நெறி. அதற்குக் குறைவாக எடுத்தாலும் நெடுந்தூரம் போக வேண்டியவர்கள் சில நாள் அந்த ஊரிலேயே தங்குவதே நல்லது என்பது என் கருத்து. துளைகளிலிருந்து ஓரிரு நாள் இளஞ்சிவப்பு நீர் கசிவது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, காய்ச்சல், பேச்சில் குழப்பம், தோல் கறுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் செய்த இடத்துக்குத் தொலைபேசியில் பேசி நேரத்தைக் கடத்தாமல், அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு, நெல்லையில் என்றால் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு, உடனே செல்ல வேண்டும். ‘என்ன சிகிச்சை செய்துகொண்டாய்’ என்ற கேள்விக்கு வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியம் தடம் மாறிவிடும்.

சட்டத்துக்கு இங்கே குறைவில்லை. தமிழ்நாடு மருத்துவமனைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. மருத்துவர் நோயாளிகளை விளம்பரத்தால் ஈர்ப்பது 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி முறைகேடு. ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்கிய பிறகு பெறும் ஒப்புதலே செல்லும் என்பதை 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இருந்தும், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் இச்சிகிச்சையைச் செய்ய அனுமதி பெற்ற இடங்களின் பட்டியலை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் இருப்பதையும், அதில் இரவுக் கண்காணிப்புக்கான ஏற்பாடும் அவசரத்தில் கொண்டுசெல்லும் மருத்துவமனையின் பெயரும் எழுதப்பட்டிருப்பதையும் ஆய்வின்போது உறுதி செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது பதிவு எண்ணையும் சிகிச்சை செய்பவரின் தகுதியையும் கேட்டுப் பெற்று, விளம்பரத்திலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.