எம்.டிவ் படிக்கலாமான்னு கேட்ட மக்காவுக்கு

மக்கா, ஸ்தோத்திரம்.

உன் வாய்ஸ் நோட் கேட்டேன். போன்ல பேசினா பாதி விட்டுப்போயிரும், அதான் உக்காந்து டைப் பண்றேன். இங்க எல்லாரும் கர்த்தருடைய கிருபையால சுகம். அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது, இப்போ காலைல மறுபடி வேதம் வாசிக்காங்க. சபைல ஷீட் மாத்துற வேலை ஓடிட்டிருக்கு, மழைக்கு முன்னாடி முடியணும், ஜெபம் பண்ணிக்கோ.

உன் விஷயத்துக்கு வாறேன். பி.காம், அப்புறம் பைபிள் ஸ்கூல், இத்தனை வருஷ ஊழியம், இப்போ மேல படிக்கணும்னு பாரம் வந்திருக்குன்னு சொன்னே பாரு, ரொம்ப சந்தோஷம் மக்கா. இறையியல்ல எம்.ஏ.வா, எம்.டிவ்வா (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி), இல்ல நேரா ஏதாவது டாக்டரேட்டான்னு கேட்டே. என்னைக் கேட்டா எம்.டிவ் படி, அதையும் ஹாஸ்டல்ல தங்கிப் படி.

எம்.டிவ்ங்கிறது மேய்ப்பனுக்குன்னே, அதாவது சபை நடத்துற பாஸ்டருக்குன்னே உண்டான படிப்பு, உன்னை மாதிரி வேற டிகிரி முடிச்சிட்டு வாறவனுக்கு பொதுவா 3 வருஷம், பி.டிஎச்.ங்கிற இறையியல் இளங்கலை முடிச்சவனுக்கு 2 வருஷம். கிரேக்கு, எபிரெயு, பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை சரித்திரம், பிரசங்கம், கவுன்சலிங் எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும். எம்.ஏ. சீக்கிரம் முடியும், வேலை பார்த்துக்கிட்டே சண்டே ஸ்கூல், வாலிபர் ஊழியம் செய்றவங்களுக்கு அது நல்லது, ஆனா வேதத்தோட மூல பாஷைகளான கிரேக்கு, எபிரெயுக்கு அதுல பெருசா இடம் இருக்காது. எம்.டிஎச்.ங்கிற இறையியல் முதுகலை எம்.டிவ்வுக்கு மேல, ஏதாவது ஒரு பாடத்தை மட்டும் எடுத்து தீசிஸ் எழுதணும், பைபிள் காலேஜ்ல கத்துக்கொடுக்கிற அழைப்பு இருக்கிறவனுக்கு அது. டி.மின்.ங்கிற ஊழிய டாக்டரேட் வேணும்னா எம்.டிவ் முடிச்சு சில வருஷம் சபை நடத்தின அப்புறம் பார்க்கலாம்.

எங்கன்னா, பெங்களூர்ல அசெம்பிளீஸ் ஆஃப் காட் நடத்துற சதர்ன் ஏசியா பைபிள் காலேஜ் 1951ல ஆரம்பிச்சது, இப்போ பேரு மாத்திட்டாங்க. உனக்குப் பக்கம்னா கேரளால அடூர் கிட்ட மணக்காலா ஃபெய்த் செமினரி, அதுவும் பெந்தெகொஸ்தே தான், ஆனா வங்காளத்துல இருக்கிற செராம்பூர் காலேஜோட சேர்ந்தது, அங்க எம்.டிவ்க்கு சமமா பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) டிகிரி தருவாங்க. செராம்பூர் டிகிரிக்கு 1918ல வந்த தனிச் சட்டமே இருக்கு. ஏ.டி.ஏ. (ஆசியா தியாலஜிக்கல் அசோசியேஷன்) அங்கீகாரம் வேற மாதிரி, இறையியல் உலகத்துல நல்ல மதிப்பு, மேல படிக்கப் போகலாம், ஆனா யு.ஜி.சி. டிகிரின்னு நினைச்சிராத. உன் வீட்டம்மாகிட்ட இதை முன்னாடியே தெளிவா சொல்லிரு, நாளைக்கு ஸ்கூல் வேலைக்குக் காட்ட முடியலன்னு வருத்தம் வரக்கூடாது.

டாக்டரேட் பத்தி ஒரே வார்த்தை. பணம் கட்டினா ஆறே மாசத்துல டாக்டர்னு போஸ்டர்ல போட்டுக்கலாம்னு கூப்பிடுறவங்க பக்கமே போகாத. விசுவாசிகள் நம்ம பேருக்கு முன்னாடி இருக்கிறதை அப்படியே நம்புறாங்க மக்கா, அந்த நம்பிக்கையோட விளையாடக் கூடாது.

படிச்சா அக்கினி அணைஞ்சிரும்னு உங்க சீனியர் பாஸ்டர் பயப்படுறார்னு சொன்னே. 'எழுத்து கொல்லுகிறது'ன்னு அந்த வசனத்தைத்தான் எல்லாரும் எடுப்பாங்க, ஆனா பவுல் அங்க பேசுறது பழைய உடன்படிக்கையைப் பத்தி, காலேஜைப் பத்தி இல்ல, அவரே கமாலியேல் பாதத்துல படிச்சவர், ஜெயில்ல இருந்துகிட்டு புஸ்தகங்களையும் தோற்சுருளையும் கொண்டு வரச் சொன்னவர். கோர்டன் ஃபீயைப் பாரு, ஏ.ஜி. (அசெம்பிளீஸ் ஆஃப் காட்) பாஸ்டர் மகன், ஏ.ஜி. ஊழியர், புதிய ஏற்பாட்டு மூலப்பிரதிகள்ல பெரிய அறிஞர். அந்நிய பாஷைதான் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம்ங்கிறதுல தன் சபையோடயே அவருக்கு கருத்து வேற்றுமை, அதுக்கு ராபர்ட் மென்சீஸ்ங்கிற இன்னொரு பெந்தெகொஸ்தே அறிஞர் லூக்கா எழுதினதை வச்சு பதில் எழுதினார். பெந்தெகொஸ்தே செமினரிலதான் இந்த ரெண்டு பக்கத்தையும் நம்ம வீட்டுப் பேச்சா உக்காந்து பேச முடியும், வேற இடத்துல நம்மளை வெளியில இருந்து பார்ப்பாங்க. சபை சரித்திரத்துல நம்ம திருநெல்வேலிச் சீமையில அருளப்பன்ங்கிற ஊழியர் நாள்ல 1860ல வந்த எழுப்புதலைப் படிப்பே, பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான அமெரிக்காவோட அசூசா தெரு எழுப்புதல் 1906லதானே, அதுக்கு முன்னாடியே இங்க அந்நிய பாஷை பேசினாங்கன்னு பதிவு இருக்கு.

முதல் செமஸ்டர் கிரேக்கு கஷ்டமாத்தான் இருக்கும். குளிக்கும்போது கூட 'லூவோ, லூவெய்ஸ், லூவெய்'னு கிரேக்க வினைச்சொல்லைச் சொல்லிட்டிருப்போம். அப்புறம் ஆஸ்பத்திரி வார்டு பயிற்சி, நோயாளிகிட்ட பேசிட்டு வந்து அவர் என்ன சொன்னார், நாம என்ன சொன்னோம்னு வரிக்கு வரி எழுதிக் கொடுக்கணும், எழுதும்போதே தெரிஞ்சிரும் யாரு அதிகம் பேசினதுன்னு. சுகத்துக்கு ஜெபிக்கிற நமக்கு, சுகம் கிடைக்காத வீட்ல போய் எப்படி உக்காருறதுன்னு கத்துக்கிறது ரொம்ப அவசியம், அந்த ஒரு காரணத்துக்காகவே தங்கிப் படின்னு சொல்றேன்.

டிகிரி மார்க் ஷீட், ஞானஸ்நான சர்டிபிகேட், பாஸ்டர் ரெகமண்டேஷன் லெட்டர் மூணையும் ரெடி பண்ணி வை, குடும்பத்துக்கு குவாட்டர்ஸ் உண்டான்னு அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே கேளு. லெட்டர் கேட்க உனக்குத் தயக்கம்னா சொல்லு, சீனியர் பாஸ்டர்கிட்ட நானே வந்து பேசுறேன். பிள்ளைங்களைக் கேட்டேன்னு சொல்லு.

உன் மக்கா