அரையாண்டும் உப்பு வாளியும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் கோப்பையோடு திரும்பினார்கள். சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் கப்பி கட்டித் தொங்கவிட்டிருக்கும் உப்பு வாளிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

2015 டிசம்பரில் பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர், கிரீன்லாந்துப் பனிக்கட்டிகள் 12-ஐக் கடிகாரம் போல வட்டமாக வைத்து உருக விட்டார். வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். ஓவிய ஆசிரியர் இதை எட்டாம் வகுப்பில் சொல்ல, "நம்மூர்ல ஏதுங் சார் பனிக்கட்டி, உப்புதானுங் இருக்குது" என்றிருக்கிறான் ஒருவன். வாளி யோசனை அப்படி வந்ததுதான்.

குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகள், இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆயிரம் லிட்டர் டேங்குக்குக் கணக்குப் போட்டால் அரைக் கிலோ. முதல் வாளியில் அந்த அரைக் கிலோ கல்லுப்பு. மற்றவற்றில் அந்தந்தத் தெரு போர் தண்ணீரின் கணக்கு. கயிற்றை இழுத்தால் கைக்கே தெரிந்துவிடும். நொய்யலோரத் தெருவின் கடைசி வாளியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த ஒன்றாம் வகுப்புக் குட்டி, "ஏனுங் சார், எங்க அமுச்சி இந்தத் தண்ணியிலதானுங் சோறாக்குது?" என்றாள்.

சாயக் கழிவுநீரைச் சொல்லிப் பட்டறைக்காரர்களைக் குத்திக்காட்டுகிறோம் என்று சிலர் வருத்தத்தோடு போன் செய்தீர்கள். அப்படியில்லை. பாறையிலிருந்தும் உப்பு இறங்கும், மழை பொய்த்தாலும் கூடும். எந்த வாளியிலும் யார் பெயரும் எழுதவில்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நடு ஆண்டில் டி.சி. வாங்கிப்போன பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த வலி தெரியும்.

ஆனால் வியாழக்கிழமை காலை கடைசி வாளி லேசாக இருந்தது. தராசில் வைத்தால் பாதி உப்பைக் காணோம். எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். வராந்தாவில் கேமரா இருக்கிறது. நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, பார்க்க வைக்காதீர்கள். கணக்கில் சந்தேகம் என்றால் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வாருங்கள், டிடிஎஸ் மீட்டரை உங்கள் கையிலேயே தருகிறோம். எண் மாறினால் வாளியும் மாறும்.

சரி, பிள்ளைகள் மறுபடி எடைபோட்டு நிரப்பிவிட்டார்கள். கப்பியும் கயிறும் கொடுத்தவர்களுக்கும், "எங்க கெணத்துத் தண்ணியையும் சேத்துக்கங்க" என்று கேனோடு வந்த பட்டறை முதலாளிக்கும் மனமார்ந்த நன்றி. வாளிகள் பொங்கல் வரை தொங்கும். கூட்டிப்போக வரும்போது நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்